எந்த ஸ்டேஜ்

இருபது வருஷமாய் அவர் சொன்னது ஒரே வார்த்தை:
வயித்தெரிச்சல்.
என் காதில் அது விழுந்ததெல்லாம்
கொல்லைமேட்டு ஒன்றரை ஏக்கராய்.
அண்ணன் பேருக்குப் போன கிணறாய்.
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து
ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மடக்கென்று குடித்த கலராய்.
"எரிஞ்சி இன்னா ஆவப்போவுது, விடு" என்றேன்.

முதல் ட்ரிப் வேலூரில் நாலு ஐம்பது.
ஒடுகத்தூரில் வண்டி நிற்பது ஏழு நிமிஷம்.
அதற்குள் ஒரு டீ, ஆறிப்போன போண்டா,
மென்று முழுங்க ஒரு ரோஸ் மாத்திரை.
தோல்பையில் சில்லறையோடு சில்லறையாய்க் கிடக்கும் அது.
ஒரு தரம் காலேஜ் பையன் ஒருத்தனுக்கு
மீதிக் காசென்று கொடுத்தேவிட்டார்.

எரியும், ஆறும். ஆறும், எரியும்.
சித்திரையில் தெருவே எரிகிற ஊரில்
இதெல்லாம் ஒரு சேதியா?

போன ஆடியில் இரண்டு இட்லியோடு கை கழுவினார்.
ஷூ கம்பெனியிலிருந்து பஞ்ச் கொண்டுவந்து
பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.
இரண்டாவது ஓட்டை போடும்போதுதான்
என் கை நின்றது.

ஆஸ்பத்திரி வரிசையில் முன்னாலும் வங்காளம், பின்னாலும் வங்காளம்.
எங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்களுக்கு நடுவில்
இருபது நிமிஷத்தில் வந்துவிட்ட நாங்கள்
இருபது வருஷம் தாமதமாய் உட்கார்ந்திருந்தோம்.

குழாய் விட்டு எடுத்த நாலு கலர் படம்.
மேல்விஷாரத்தில் பன்னிரண்டு வருஷமாய்
தோல் பார்க்கிற டேபிளில் நிற்பவள் நான்.
எங்கே மெலிந்தது, எங்கே உண்ணி கடித்தது,
எங்கே இழுத்தால் விட்டுக்கொள்ளும்,
விரல் சொல்லிவிடும்.
டாக்டர் வாய் திறப்பதற்குள்
மூன்றாவது படத்தில் என் விரல் இருந்தது.

"சின்ன வயசிலேயே புகுந்த கிருமிம்மா.
திருகாணி மாதிரி வளைஞ்சிருக்கும், அமிலத்துலயும் சாகாது.
சுவர் புண்ணாகும், ஆறும், திரும்பப் புண்ணாகும்.
ஆறி ஆறி மெலிஞ்ச சுவர்
தன் வேலையை மறந்துட்டு
குடல் மாதிரி வளர ஆரம்பிச்சிடும்."
இரைப்பைக்குள் குடல்.
ஒரு தோலில் இன்னொரு மாட்டின் தோல்
தையலே இல்லாமல்.

"எந்த ஸ்டேஜ் மேடம்?" என்றார் இவர்.
"ஸ்டேஜ்னு சொல்றது புற்றுக்கு. இது இன்னும் அது இல்ல."
டாக்டர் ஜெயசீலி தாளில் ஒரு கோடு இழுத்து
ஐந்து புள்ளி வைத்தார்.
இவருக்குத் தெரிந்த ஸ்டேஜ் ஒன்றுதான்,
டிக்கெட் விலை ஏறுகிற இடம்.
பேனாவை வாங்கி, புள்ளிக்குப் பக்கத்தில்
இன்வாய்ஸ் எழுதுகிற அதே அவசரத்தில் எழுதினார்:
தொரப்பாடி, அரியூர், ஊசூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர்.
"நான் எங்க கீறேன்?"

ஊசூரைத் தொட்டது டாக்டரின் விரல்.
"ஏறினவங்க எல்லாம் கடைசி வரைக்கும் போறதில்ல.
முக்கால்வாசிப் பேர் அப்படியே நின்னுடுவாங்க."
இவருக்குத் தெரியாததா?
பத்தொன்பது வருஷமாய் ஒடுகத்தூருக்குக்
காலி சீட்டோடுதான் போய்ச் சேருகிறார்.
"ஆனா யார் எங்க எறங்குவாங்கன்னு
மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது மேடம்"
என்றார்.
டாக்டர் சிரிக்கவில்லை.

பதினாலு நாள், வாயெல்லாம் இரும்பு ருசி.
கிருமி போய்விட்டது.
குடியிருந்தவன் காலி செய்தாலும்
அவன் இடித்த சுவர் அப்படியே இருக்கிறது.
வருஷத்துக்கொரு தரம் குழாய்.
நகைக்கடை காலண்டரில் ஆவணி பதினொன்றைச் சுற்றி
கம்பெனி வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன்,
கழித்துக் கட்டாமல்
திரும்பப் பார்க்கச் சொல்லும் தோலுக்குப் போடுவது போல.

நேற்று ராத்திரி சேதி வந்தது.
அண்ணன் கொல்லைமேட்டை ப்ளாட் போடுகிறாராம்,
கிணற்றை மூடியாயிற்றாம்.
"வயிறு எரியுது" என்றார்.
கரண்டி பாதியில் நின்றது.
"எந்த எரிச்சல்?"

"இரு" என்றார்.
வயிற்றின் மேல் கையை வைத்து,
நிறைந்த வண்டியில் யாரோ ஒருத்தர்
டிக்கெட் எடுக்கவில்லை என்று தோன்றும்போது
தலை தலையாய் எண்ணுவாரே,
அப்படி
எண்ணத் தொடங்கினார்.