அக்குளில் ஐந்து நிமிடம்

குட்டாயிஸியில் இரவு இரண்டு மணி.
பாரியில் பதினொன்று.
பத்ரி அழைக்கிறான்:
"பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கிறாள்."

எவ்வளவு, என்று கேட்கிறேன்.
"நெருப்பாய்" என்கிறான் மறுபடியும்.
கையை வைத்துப் பார்த்தானாம்.
விறகெடுக்கப் பனியில் போய்வந்த கை.
அந்தக் கைக்குச்
சுவர்கூடச் சுடும்.

மூன்று கம்பளி போட்டு மூடியிருக்கிறான்.
பக்கத்து வீட்டு ஸியாலா
வோட்காவும் காடியும் கலந்து தேய்க்கச் சொன்னாளாம்.
வேண்டாம் பத்ரி.
வோட்காவை அலமாரியில் வை.
நீயும் தொடாதே.

வெப்பமானி மூன்றாவது இழுப்பறையில்,
தீர்ந்த பேட்டரிகளுக்கும் மின்கட்டண ரசீதுகளுக்கும் அடியில்,
பழுப்புக் குழாயில் இருக்கும்.
உதறு.
இன்னும் உதறு, முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கட்டும்.
கட்டில் சட்டத்தில் இடித்துவிடாதே.

கேட்கிறது
அவன் மணிக்கட்டு காற்றை அறையும் சத்தம்.
நான் இருக்கும் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை.
இங்கே ஒரு பொத்தான், ஒரு பீப்.

வேர்வையைத் துடை. அக்குளில் வை,
சட்டைக்கு மேலே அல்ல, தோலில்.
அவள் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்.
ஐந்து நிமிடம்.

நாங்கள் ஐந்து நிமிடம் சேர்ந்து சும்மா இருந்து
இரண்டு வருடமாகிறது.
அழைப்பு என்றாலே கணக்கு:
வந்த பணம், வராத பணம், கூரைத் தகரம்.
இப்போது அவன் மூச்சு கேட்கிறது.
அடுப்பில் விறகு வெடிப்பது கேட்கிறது.
எலிஸோவின் பற்கள் தட்டுவதும்.

அடுத்த அறையில் ஒரோன்ட்ஸோ இருமுகிறார்.
தொண்ணூற்றொரு வயது.
இரவும் காலையும் அவருக்குச் சூடு பார்ப்பது என் வேலை,
பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் சம்பளம்.
இன்று முப்பத்தாறு புள்ளி இரண்டு.
போன பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டியபோதும்
முப்பத்தேழரையைத் தாண்டவில்லை.
கிழ உடம்பு சத்தம் போடாது,
சூப்பை ஒதுக்கியதில்தான் தெரிந்தது.
குழந்தை உடம்போ
ஒரு ஜலதோஷத்துக்கு வீட்டையே எழுப்பும்.

"முப்பத்தெட்டு... நாலு."
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் படிக்கிறான்,
கடன் பத்திரம் படிப்பதுபோல.

சரி, கேள்.
நெருப்பு அவளைப் பிடிக்கவில்லை.
அவள் உடம்பே அடுப்பை மூட்டியிருக்கிறது,
உள்ளே புகுந்ததை விரட்ட.
நினைத்த சூடு வரும்வரை அதற்குக் குளிரும், நடுங்கும்.
நடுக்கம் நின்றதும் கம்பளிகளை எடு, ஒரு போர்வை போதும்.
தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக.
ராஸ்பெர்ரி ஜாம் கரைத்தால் குடிப்பாள்.
வலியில் முனகினால் அந்தச் சிவப்பு மருந்து,
எடைக்கு எவ்வளவு என்று டப்பாவில் இருக்கும்.
அலமாரிக் கதவில் நான் எழுதி ஒட்டியதைப் பார்க்காதே.
அது பழைய எடை.
இப்போது எத்தனை கிலோ?

சொல்கிறான்.
நாலு கிலோ பிள்ளை
எனக்குத் தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதே, அவளைப் பார்.
குடிக்கிறாளா, மூத்திரம் போகிறாளா,
கூப்பிட்டால் திரும்புகிறாளா.
கழுத்தை வளைக்க முடியாவிட்டால்,
எழுப்பியும் எழாவிட்டால்,
என்னைக் கூப்பிடாதே.
ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

விடியுமுன் ஒரு படம் அனுப்பினான்.
பாதரசம் தெரியவில்லை,
கண்ணாடியை மறைத்த அவன் கட்டைவிரல்தான்.
கீழே: 37.6. வேர்த்துத் தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன்.

காலையில் மரியாஞ்சலா
குறிப்பேட்டைத் திறந்து முகம் வெளுத்தாள்.
"அப்பாவுக்கு முப்பத்தெட்டு நாலா?
என்னை ஏன் எழுப்பவில்லை?"

நேற்றிரவின் கட்டத்தில்
என் கையெழுத்து.

அவருக்கு அல்ல, என்றேன்.
"பிறகு யாருக்கு?"

அடித்துவிட்டு 36.2 என்று எழுதினேன்.
ஒரே ஒரு கோடுதான் அடித்தேன்.
அடியில் இருப்பதை
இன்னும் படிக்கலாம்.