முன் அனுபவம்

காகித ஆலை ஓடிய நாளெல்லாம் ஊருக்கு
அழுகிய முட்டை வாடை.
விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள்.
"சம்பள வாசம்" என்பார் அப்பா,
ஆழ இழுத்துக் காட்டுவார்.
பிப்ரவரியில் புகைபோக்கி ஓய்ந்தது.
இப்போது வடக்கு மெய்ன் முழுக்க
பைன் மரம் மணக்கிறது.
"எவ்வளவு சுத்தமான காற்று" என்கிறாள் அம்மா.
அதைப் பாராட்டு என்று சொல்ல முடியாது.

ஜூன். பள்ளி மூட ஒன்பது நாள்.
எனக்குப் பதினாறு. கடை கடையாக ஏறி இறங்கினேன்.
நீச்சல் குளத்தில் சான்றிதழ் கேட்டார்கள்.
பீட்சா கடையில், பதினெட்டு ஆகட்டும் என்றார்கள்.
நூலகத்தில்
தங்களுக்கே அரைநாள் வேலைதான் என்று சிரித்தார்கள்.
மருந்துக்கடைக்காரர் என் பெயரை
ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.
கதவு சாத்துமுன் திரும்பிப் பார்த்தேன்:
அதே ரசீதில் சூயிங்கம்மைத் துப்பி
மடித்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரை முகாம் கடையில் மட்டும்
விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள்.
இரண்டு வாங்கினேன்,
ஒன்று அடித்தல் திருத்தலுக்கு.

முன் அனுபவம் என்று போட்டு
ஒன்றரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
"பக்கத்து வீட்டு இரட்டையரைப் பார்த்துக்கொண்டேன்"
என்று எழுதினேன்.
அதில் ஒருவன் பல்லை உடைத்துக்கொண்டதை
எழுதவில்லை.
அப்பா பேனா கேட்டார்.
குறுக்கெழுத்துக்கு என்று நினைத்தேன்.

மறுநாள் இரண்டாவது தாளைக் காணோம்.

சனிக்கிழமை தொலைபேசி அடித்தது.
"ஆமாம், என். மிஷோதான் பேசுகிறேன்."
அப்பாவின் முதுகு நிமிர்ந்தது,
ஆலைக்குள் மேலாளர் நுழைந்தால் நிமிருமே, அப்படி.
திருமதி ஃபெர்னால்டுக்கு மெதுவாகப் பேச வராது.
அடுப்பு வரைக்கும் கேட்டது:
"நார்மன், நதீன் இருக்கிறாளா?
திங்கட்கிழமை வரச்சொல்லுங்கள்."

குளிர்பெட்டி ஒருமுறை உறுமி நின்றது.
"இதோ, கூப்பிடுகிறேன்."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.
அவர் மாடிப்படியைப் பார்த்து
"நதீன்!" என்று உரக்கக் கூப்பிட்டார்.
நானும் மாடியிலிருந்து இறங்கி வருகிறவள் மாதிரி
கொஞ்சம் தாமதித்து
அவர் கையிலிருந்து வாங்கினேன்.

மீன் பிடிக்கிறவர்கள் சூரியனுக்கு முன்னால் வந்துவிடுவார்கள்.
ஐந்தரைக்குக் கடை திறக்க வேண்டும்.
அப்பாவின் லாரியில் போனோம்.
வானொலி பந்தயக் கணக்கு சொல்லிக்கொண்டே வந்தது,
இருவரும் அதைக் கேட்பதாக இருந்தோம்.

என் வேலை மண்புழு எண்ணுவது.
காகிதக் கோப்பையில் ஈரமண், மேலே பன்னிரண்டு புழு,
மூடியில் துளை.
எண்ணும்போதே நெளிந்து கலந்துவிடும்,
ஏழா எட்டா தெரியாது,
மறுபடி ஒன்றிலிருந்து.
நகத்துக்குள் ஏறிய மண்
எலுமிச்சைக்கும் போகவில்லை.

முதல் போணி அப்பாதான்.
லாரியிலிருந்து இறங்கி
வாடிக்கையாளர் போலக் கதவைத் தள்ளி வந்தார்.
"ஒரு டஜன்." ஐந்து டாலர், எல்லாம் சில்லறை.
படகும் தூண்டிலும் ஏப்ரலிலேயே விற்றாயிற்று.
எங்கள் இருவருக்கும் தெரியும்.
பதின்மூன்றாக எண்ணிப் போட்டேன்.
"அப்பா தக்காளிப் பாத்தியில் எதையோ
கொட்டிக்கொண்டிருந்தார்" என்றாள் அம்மா அன்று இரவு.

வியாழக்கிழமை ஐஸ் ரசீதுப் புத்தகம் தேடி
கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.
விண்ணப்பங்கள், ஏழெட்டு இருக்கும்.
அடியில் அவருடையது.
எந்த வேலைக்கு: எதுவானாலும்.
முன் அனுபவம்:
இருபத்தாறு வருடத்துக்கு அந்தக் கோடு போதாதுதான்.
ஆனால் அவர் ஆலையைப் பற்றி எழுதவே இல்லை.
பெரிய எழுத்தில், பள்ளிப் பிள்ளை மாதிரி,
"காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவேன்."

வெளியே யாரோ ஐஸ் கேட்டுக் கண்ணாடியைத் தட்டினார்கள்.
தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.
அதில் என் விரல் மண் பட்டுவிட்டது.
இழுப்பறையை
முழுக்கச் சாத்தவில்லை.