நாலாவது கட்டம்

கெமியில் டிசம்பர் பகல் ஒன்றரைக்கே முடிந்துவிடும்.
பனி தள்ளும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஹெட்செட்டை மாட்டுகிறேன்.
திரையில் நாலு கட்டம்.
நாலும் நிறைந்தால்தான் லிஃப்ட் இறங்கும்.

கேடயம், வெடி, விளக்கு, மருந்து.
ஆளுக்கு முப்பது கிலோதான் பொதி.
துப்பாக்கி கனத்தால் தோட்டா குறையும்,
தோட்டாவை நிறைத்தால் கயிற்றுக்கு இடமில்லை.
கயிறில்லாமல் இறங்கிய முட்டாள் ஒருவனை எனக்குத் தெரியும்.
போன செவ்வாய்க்கிழமை, நான்தான்.

தூலிக்கிக்கு ஆம்புலன்ஸில் வேலை.
முதல் நாளே சொல்லிவிட்டாள்:
"மருந்துப் பையைத் தொட மாட்டேன்.
பன்னிரண்டு மணி நேரம் அதைத்தான் தூக்குறேன்.
எனக்கு எதையாவது உடைக்கணும்."
வெடியை எடுத்தாள்,
எங்களையும் சேர்த்தே உடைத்தாள்.

பையை எடுத்தவன் ஓஸ்மோ.
கித்திலா பக்கம் தங்கச் சுரங்கத்தில்
பாறைக்கு வெடி வைப்பவன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
ஒவ்வொரு ஊசிக்கும் "மன்னிச்சுக்கோ" என்பான்,
வலியே தெரியாத பொம்மை உடம்பிடம்.

கேடயம் இர்மெலிக்கு. வரி அலுவலகம்.
எந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா,
எந்த மாடிக்கு எத்தனை குண்டு என்று
நாற்பத்தேழு வரிசையில் அட்டவணை வைத்திருக்கிறாள்.
அதன்படி நாங்கள் எப்போதோ ஜெயித்திருக்க வேண்டும்.

எனக்கு விளக்கு.
முன்னால் போய் வெளிச்சம் போட வேண்டும்,
அதில் எதைச் சுடுவது என்பது அவர்கள் பாடு.
வண்டியிலும் இதே பிழைப்புதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சலித்துப்போய்
நாலு பேருமே வெடியை எடுத்தோம்.
மூன்றாவது அலைவரை அப்படியொரு சிரிப்பு.
நாலாவதில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம்,
எழுப்ப ஆளில்லாமல்.
ஓஸ்மோ மட்டும் பழக்கதோஷத்தில்
என் பக்கம் தவழ்ந்து வந்தான்,
கையில் ஊசி இல்லை.
மன்னிச்சுக்கோ என்றான்.

பிறகு அவன் வரவில்லை.
பதினொரு இரவு.

ஆள் குறைந்தால் ஆட்டமே ஒரு பொம்மையைத் தந்துவிடும்.
அது நல்ல பொம்மை.
விழுமுன்பே ஓடி வரும்,
ஒரு சொட்டு மருந்தை வீணாக்காது.
அதை வைத்துத்தான் எட்டாவது மாடியை
முதன்முதலாகத் தாண்டினோம்.
யாரும் கத்தவில்லை.
"கணக்கு சரிதான்" என்றாள் இர்மெலி.
தூலிக்கி வீட்டுக் கெட்டில் கொதித்து அணைவது
ஹெட்செட்டில் கேட்டது.

கித்திலா சுரங்கம் என்று
செய்தியில் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
அவர்களும் தேடியிருக்கிறார்கள், தனித்தனியாக,
அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது
ரொம்ப நாள் கழித்து.

பன்னிரண்டாம் இரவு பச்சைப் புள்ளி எரிந்தது.
"ஷிஃப்ட் மாத்திட்டாங்க" என்றான். அவ்வளவுதான்.
பொம்மை விடைபெறாமல் மறைந்தது.

அவன் பையைத் தேடும்போது
மருந்துக் கட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்தது.
தூலிக்கி.
"இன்னைக்கு நீ ஏதாவது உடை, ஓஸ்மோ."

அவன் வெடி வைக்கிற அழகே வேறு.
எல்லோரையும் பின்னால் போகச் சொன்னான்,
தலையை எண்ணினான்,
சத்தமாக மூன்றுவரை எண்ணினான்.
வெடித்த பிறகும் விடவில்லை:
"புகை அடங்காம யாரும் உள்ளே போகக் கூடாது."
இர்மெலியின் அட்டவணையில் அதற்கு வரிசையே இல்லை.

நின்றோம்.
இல்லாத காற்றில் இல்லாத புகை மெல்லக் கலைந்தது.
நான் விளக்கை அதன்மேலேயே வைத்திருந்தேன்.
அதற்குள் அலை பின்பக்கமாக வந்துவிட்டது.

முதலில் விழுந்தது ஓஸ்மோ.
தூலிக்கி ஓடிப்போய்க் குனிந்தாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"இங்க பார். என்னைப் பார். மூச்சு விடு" என்றாள்.

நாலு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறோம்,
அவளிடம் அந்தக் குரல் இருப்பது
எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கும் தோற்றோம்,
இரண்டாவது மாடியிலேயே.