பதினைந்து பாகை

ஆய்வுக்கூடத்தில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
தோளில் மூன்று, முழங்கையில் நான்கு,
மணிக்கட்டில் இரண்டு என
வெள்ளிப் பொட்டுகள் ஒட்டினார்கள்.
கல்யாணத்துக்குக்கூட என்னை
இப்படி யாரும் அலங்கரித்ததில்லை.

சுற்றிலும் பன்னிரண்டு கேமரா.
பேட்ஸ்மேன் கிடையாது.
"உங்க வழக்கமான பந்து போடுங்க" என்றார் ஒருவர்.
ஏசியில் விரல் விறைத்து
வழக்கமான எதுவும் வரவில்லை.

அந்த முழங்கை
புதுவயலில் தவிட்டு லாரியிலிருந்து விழுந்து வாங்கியது.
எட்டு வயது.
மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, உளுந்து மாவு.
கட்டுப் பிரித்தபோது கை முழுசாக நீளவில்லை.
அப்பா லாரி டிரைவரோடு ஒரு மாதம் பேசவில்லை,
பிறகு மில்லில் லோடு ஏற வேண்டியிருந்ததால் பேசினார்.

கோட்டையூர் ரோட்டுப் பொட்டல் முழுக்கச் சரளை.
எங்கே குத்தினாலும் பந்து எங்கேயோ போகும்.
அங்கே எல்லாருமே ஸ்பின்னர்தான்.
கயிற்று விரிப்புப் போட்ட மைதானத்துக்கு
காரைக்குடி வந்த பிறகே தெரிந்தது,
மற்றவர்கள் பந்து நேராகப் போகிறது என்பது.

முப்பத்தெட்டு ஆட்டம், நூற்றிருபத்தேழு விக்கெட்.
இந்தூரில் ஸ்கோர்போர்டில் இடம் பத்தாமல்
அடைக்கலத்தை 'அடைக்' என்று நிறுத்திவிட்டார்கள்.
அன்று ஏழு விக்கெட்.
மறுநாள் பேப்பரிலும் அடைக்.
புதுவயல் மில்லில் இன்றைக்கும் நான் அடைக்தான்,
கடன் கேட்கும்போது மட்டும் முழுப்பெயர்.

மோதிர விரலில் தோல் கிழியும்.
ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டு போடுவேன்.
ஒருமுறை பந்தே ஒட்டிக்கொண்டது,
நான் விட்டதாக நினைத்து பேட்ஸ்மேன் ஆடிவிட்டான்.
இதை நம்புகிறவர்கள் குறைவு.

மழை விட்ட ஒரு சாயங்காலம்
ஸ்கொயர்லெக் நடுவர் ரெஃப்ரி அறைக்குள் போவதைப் பார்த்தேன்.
வெகுநேரம் வெளியே வரவில்லை.
எனக்கு முதலில் சொன்னது டீ கொண்டுவந்த பையன்:
"அண்ணே, உங்களைப் பத்திதான்."

அறிக்கை பதினொரு பக்கம்.
கை வளைந்திருப்பது குற்றமில்லையாம்.
வீசும்போது நிமிர்வதுதான் குற்றம்.
பதினைந்து பாகை வரை நிமிரலாம்.

உள்ளே திரும்பும் பந்துக்குப் பதினான்கு. பிழைத்தது.
வெளியே போகிறதே அது,
மூன்று வருடம் லாட்ஜ் கட்டிலில் மல்லாந்து
ஆரஞ்சுப் பழத்தை உருட்டி உருட்டி
நான் கண்டுபிடித்தது,
அதற்குப் பத்தொன்பது.

அது இல்லாமல் ஒரு சீசன் போட்டேன்.
எதிரணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ராஜ்கோட்டில் நாற்பத்தோரு ஓவர், ஒரு விக்கெட்,
அதுவும் ஹிட் விக்கெட்.
அந்தப் பையன் ஸ்டம்பைத் தட்டிவிட்டு
என்னைப் பார்த்து, "ஸாரி" என்றான்.

இப்போது வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டர்.
சங்கிலியைக் கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவேன்.
தராசு சில சமயம் என்னோடு ஒத்துப்போகாது.
தராசு சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட லீக்கில் நடுவர்.
நான் நோ-பால் காட்டினால்
"என்ன சிக்னல் சார் அது?" என்று கத்துவார் ஸ்கோரர்.

போன வாரம் ஸ்கொயர்லெக்கில் நிற்கிறேன்.
பள்ளத்தூர் அணியில் ஒரு பையன்,
பனியனுக்கு மேல் கடன் வாங்கிய சட்டை.
நாலாவது பந்தில் ஏதோ மின்னியது.
கண்ணுக்குப் பாகை தெரியாது. ஆனாலும்.

தேவகோட்டை கேப்டன் ஓடிவந்தார்:
"எறியிறான் சார், பாத்தீங்கள்ல?"
கவனிக்கவில்லை என்றேன்.
அவன் கையைத் தவிர வேறெதையும்
அந்த ஒரு மணி நேரமாக நான் பார்க்கவில்லை.

அடுத்த பந்து வெளியே திரும்பியது.
மட்டையையும் ஸ்டம்பையும் ஏமாற்றி,
கீப்பரையும் ஏமாற்றி,
எல்லைக்கோட்டைத் தாண்டிக்
கருவேலம் புதருக்குள் போய்விட்டது.

எதிர்முனை நடுவர்
கையை நேராகத் தூக்கி
பை நாலு என்றார்.