பதிமூன்றாம் மாதம்

வியாழக்கிழமை. மண் குப்பிகளுக்கு
எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து மேசையிலிருந்து மெஸரத் சொன்னாள்:
இன்றைக்கு எங்கள் நாட்டில் வருஷப் பிறப்பு.
விடுதியில் கரி மூட்டக் கூடாதாம்.
உன் வீட்டில் அடுப்பு இருக்கிறதா?

இருக்கிறது.
லயத்தில் குறைவில்லாதது அது ஒன்றுதான்,
அடுப்பும் அதன் புகையும்.

எத்தியோப்பியாவிலிருந்து
தேயிலை மண்ணைப் படிக்க வந்தவள்
லிந்துலைச் சரிவில் என் பின்னால் ஏறினாள்.
கையில் பச்சைக் கோப்பிக் கொட்டை ஒரு பொட்டலம்,
சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஊரிலிருந்து வந்தது.
வழியெல்லாம் குனிந்து குனிந்து புல் அறுத்தாள்.
"மாட்டுக்கா?" என்றார் தவராசா மாமா.
வீட்டுக்கு.
சிமெந்துத் தரை மறையப் பரப்பினாள்.
அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
கூட்டப் போவது யார் என்று.

மஞ்சள் பூவும் வேண்டுமாம்.
அவள் மலைகளில் மழை விட்டதும்
இந்த மாதத்தில் மட்டும் பூப்பது.
இங்கே மழை விடவில்லை. என்றாலும்
பசளைக்கென்று ரோட்டோரம் வளர்த்த
காட்டுச் சூரியகாந்தி இருந்தது.
சிறுமிகள் நாலு பேர் ஓடிப்போய்
எறும்போடு ஒடித்து வந்தார்கள்.

ரொட்டிக் கல்லில் கொட்டை வெடித்துக் கறுத்தது.
கல்லைத் தூக்கி ஒவ்வொரு முகத்துக்கும் காட்டினாள்.
புகையைக் கையால் அள்ளி முகர வேண்டும்.
அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
பிறகு தணலில் சாம்பிராணி விழுந்ததும்
அம்மாவுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போயிற்று.

இந்த மலைக்குக் கோப்பி புதிதில்லை.
எங்களைத் தோணியேற்றியதே அதுதான்.
இலையில் துரு விழுந்து அது செத்தபோது
பிடுங்கியதும் நாங்கள், தேயிலை நட்டதும் நாங்கள்.
பறித்த கோப்பியை எவரும் குடித்ததாக
எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை.

முதல் சுற்றுக்கு அபோல் என்று பெயர்.
கசப்பு. அம்மா சீனிப் போத்தலைத் தேடினாள்.
இரண்டாம் சுற்று தோனா.
சோளப்பொரியைக் கொறித்தபடி மெஸரத் சொன்னாள்:
எங்களுக்கு வருஷத்தில் பதின்மூன்று மாதம்.
கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள், சில வருஷம் ஆறு.

தவராசா மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.
"அந்த அஞ்சு நாளுக்கும் பேர் விழுமா?"

செக்ரோல் என்றால் என்ன, அரைப் பேர் என்றால் என்ன,
கொழுந்து குறைந்தால் பேர் எப்படிக் குறையும் என்று
எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கி முடிப்பதற்குள்
கோப்பி ஆறிவிட்டது.
மெஸரத் யோசித்துச் சொன்னாள்:
மாதச் சம்பளக்காரருக்கு அந்த மாதம் சம்பளம் இல்லை.
மாமா தொடையில் அடித்துச் சிரித்தார்.
"அப்ப அங்கயும் தோட்டந்தான்!"

இன்னொன்றும் சொன்னாள்.
அவர்கள் கணக்கு எங்களுக்கு ஏழு வருஷம் பிந்தியதாம்.
ஏழு வருஷம் பின்னால் போய்ப் பார்த்தேன்.
தம்பி டோஹாவுக்குப் போகவில்லை.
எனக்குக் கண்ணாடி இல்லை.
வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருவதாக
ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.
அங்கேயும் அதே ஏழு.
திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் சுற்று பரக்கா. ஆசீர்வாதம்.
அதைக் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.
மூன்று முறை ஊற்றிய அதே தூள்
நிறம் மட்டும் மிச்சம்.
அம்மா சீனி கேட்கவில்லை.
மெஸரத் தன் பாஷையில் ஏதோ சொல்லி
எங்கள் கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.
எங்கே ஒழுகுகிறதோ அந்த இடத்தையே பார்த்தாள்.
வாசலில் நின்ற சிறுமிகளிடம்
அவள் ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாகப் பூக்கொடுத்து
பாடிக் காசு வாங்குவதைச் சொல்லச் சொன்னாள்.
சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் விடிய, பிரட்டுக்களத்தில்,
பசளைப் பூவைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு
நாலு பேரும் கணக்கப்பிள்ளையை மறித்து
பள்ளிக்கூடப் பாட்டைப் பாடுகிறார்கள்.
"யாருடி இதை ஒடிக்கச் சொன்னது? இன்னிக்கு என்ன திருநாள்?"

டிலுக்ஷா கையை நீட்டினாள்.
"பதிமூணாம் மாசம் முடிஞ்சிருச்சுங்க ஐயா.
காசு குடுங்க."