தட்டிப் பார்த்தல்

சட்பரியில் செவ்வாய் இரவு ஏழு மணி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மூன்றாம் மாடி அறையில் ஹீட்டர் இருமுகிறது.
முந்தைய வகுப்பு அழிக்காமல் விட்ட கணக்கியல்
பலகையின் பாதியில் இன்னும் வட்டி சேர்த்துக்கொண்டிருக்க
மீதிப் பாதியில் எழுதுகிறேன்:
நாம் நிற்கும் தரை இருக்கிறதென்று
எப்படித் தெரியும்?

பதினொரு பேர்.
பன்னிரண்டுக்குக் குறைந்தால் அடுத்த வருடம் பாடம் இல்லை.
மெய்யியல் துறை என்பது இப்போது
நானும் ஒரு கதவும்.
ரொறன்ரோச் சொந்தங்கள் கேட்பதுண்டு,
மெய்யியல் படித்தவர்கள் என்ன செய்வார்கள்?
மெய்யியல் படிப்பிப்பார்கள், வேறென்ன.

அரைவாசிப் பேருக்கு அட்டவணையில் வேறொன்றும் பொருந்தவில்லை.
டனிகா தாதிச் சீருடையோடு வந்து
முதல் அரைமணி தூங்குவாள். எழுப்புவதில்லை.
லொறியை நிறுத்திவிட்டு ஓடிவரும் ஜஸ்கிரண் கேட்பான்,
இது பரீட்சைக்கு வருமா?
எதற்கெல்லாமோ வரும், பரீட்சைக்குத்தான் வராது
என்று வாயெடுத்து
வரும் என்கிறேன்.

கயிற்றைப் பாம்பாக்கிய இருட்டைச் சொன்னேன்.
பெப்ரவரியில் இங்கே பாம்பு இல்லை, மிஸ்,
என்றது ஒரு குரல். சிரிப்பு.
நானும் சிரித்தேன், வேறு வழி?

பின்வரிசையில் ரெஜான்.
நிக்கல் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருடம்.
முழங்கால் போனபின் கம்பனி கட்டணம் கட்டுகிறது.
கை தூக்காமலே பேசினார்.
தரையை விடுங்கள். கீழே நாங்கள் கேட்பது கூரையை.
இரும்புக் கம்பியால் தட்டுவோம்.
கணீரென்றால் நிற்கலாம்.
பொத்தென்றால் உள்ளே விரிசல், விலகு.

எத்தனை தரம் தட்டுவீர்கள்? ஜஸ்கிரண்.
ஒவ்வொரு ஷிப்டும்.
நேற்றுத் தட்டியிருந்தாலுமா?
நேற்றைய பாறை நேற்றையது.

டனிகா விழித்திருந்தாள்.
நாங்களும் முதுகைத் தட்டிக் கேட்போம், என்றாள்,
நீர் கோத்த நுரையீரலுக்கு ஒரு சத்தம் இருக்கிறது.
அதன்பின் ஒன்பது மணிவரை
என்னை யாரும் தேடவில்லை.
கணீரென்று கேட்டும் விழுந்ததுண்டா
என்று யாரோ கேட்டபோது மட்டும்
ரெஜான் நேரம் எடுத்தார்.
உண்டு. ஒருமுறை.
பெயர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை.
ஹீட்டர்கூட இருமவில்லை.

வீட்டில் படிவம் கிடக்கிறது.
பாடநெறி முடிவில் மாணவரால் செய்யக்கூடியது என்ன?
அளக்கத்தக்க வினைச்சொற்களை மட்டும் பயன்படுத்துக.
போன வருடம் எழுதினேன்: பகுப்பாய்வர், மதிப்பிடுவர்.
டீனின் கூட்டத்தில் அது கணீரென்று ஒலித்தது.
இந்த வருடம் 'தட்டிப் பார்ப்பர்' என்று எழுதி
அழித்து
தேநீர் போட்டு
மறுபடி எழுதினேன்.

ரெஜானின் கட்டுரை ஒன்றரைப் பக்கம்.
அடிக்குறிப்பு இல்லை. முடிவுரை இல்லை.
நடுவில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது,
வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். பிடிக்கவில்லை.
எழுபத்தொன்று போட்டேன்.
பேனாவின் பின்பக்கத்தால் அந்த எண்ணைத் தட்டினேன்.
எழுபத்தெட்டு ஆக்கினேன்.
மணி பன்னிரண்டரை.
இன்னும்
பொத்தென்றுதான் கேட்கிறது.