வலப்பக்கம் அரைக்கிலோ

லைசென்ஸ் வரப் பத்தொன்பது மாதம்.
பொருள் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் போதும் என்றார்
ஃபிரோஸ் தாராப்பூர்வாலா,
கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணியை
இலை போடப்போவதுபோல் நீவி விரித்தபடி.
ஃபோர்ட்டில் மழை. என் குடை அவர் தரையை நனைத்தது.

எதற்கு, எங்கே வைப்பீர்கள், என்றார்.
செம்பூரில் பெட்ரோல் பங்க்,
இரவுக் கலெக்‌ஷனை நானே கொண்டுபோகிறேன் என்றேன்.
எதற்கு என்பதற்கு அது பதில்.
எங்கே என்பதற்கு என்னிடம் இல்லை.

பாக்கெட் துப்பாக்கி என்று பெயர்.
எந்தப் பாக்கெட்?
புடவைக்குக் கிடையாது. சுடிதாருக்குத்
தையல்காரர் பெரிய மனசு பண்ணி வைத்தது
ஒரு பஸ் டிக்கெட்டும் இருமல் மிட்டாயும் கொள்ளும்.
கைப்பை வேண்டாம் என்றார்.
பறிக்கிறவனுக்குப் பணத்தோடு
இதையும் இனாமாகக் கொடுத்தனுப்புவீர்கள்.
உடம்பில் இருக்கட்டும்.
அந்தப் பைக்குள் வேறெதுவும் போடாதீர்கள்,
சாவி, சில்லறை, எதுவும்.

முதலாவது தட்டை. சோப்புப் பெட்டி போல.
மேல்தகட்டை இழுத்தால்தான் தோட்டா ஏறும்.
இழுத்தேன். நகம் உடைந்தது. தகடு அசையவில்லை.
இரண்டாவது ரிவால்வர். அரைக்கிலோ.
ஆறு மாதக்காரிபோல் நடுவில் வயிறு.
ஆனால் இழுக்க ஒன்றும் இல்லை,
பதற்றத்தில் மறக்கவும் ஒன்றும் இல்லை.
மூன்றாவது உள்ளங்கைக்குள் ஒளிந்தது.
எனக்கு அதுதான் பிடித்தது.

சின்னதுதான் மேடம் அதிகம் உதைக்கும்.
குழல் குட்டை. நாலெட்டு தாண்டினால்
எங்கே போகிறோமென்று அதற்கே தெரியாது.
பெரியது நன்றாகச் சுடும், வீட்டு அலமாரியிலேயே இருக்கும்.

எதிர்ச்சுவர் காலண்டரில்
ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிபார்க்கச் சொன்னார்.
காலி ரிவால்வர்தான். பார்த்தேன்.
சிவப்பு எண் நடுங்கியது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது:
யாரால் ஆபத்து?
அடையாளம் தெரியாத இருவரால், என்று எழுதினேன்.
இரவு பதினொன்றே கால், காற்றடிக்கும் மெஷின் அருகில்,
குரங்குக் குல்லா.
வேடியப்பனின் மணிக்கட்டில் பதினோரு தையல்.
எழுதாமல் விட்டது ஒன்று.
வெட்டியவன் அல்ல, மற்றவன்,
பைக்கை விட்டு இறங்காமலே
தமிழில் சொன்னான்:
அக்கா, பையை விடுங்க.

விடு அல்ல.
விடுடி அல்ல.
விடுங்க.

இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில்
ஏ ஆன்ட்டி, ஏ மதராஸி.
அந்த ‘ங்க’வை எனக்குப் போடுகிறவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
எண்ணுகிறேன், பத்தொன்பது மாதமாக.
பால் போடுகிறவன். மாட்டுங்காவில் பூ கட்டுகிறவன்.
சீட்டுப் பணத்துக்கு வரும் தம்பி, எவ்வளவு நல்ல பிள்ளை.
வேடியப்பனின் அறையில் தங்கியிருந்து
மறுவாரமே சூரத் போனவன்.
சொல்லுங்க என்று யார் சொன்னாலும்
குல்லாவை மாட்டிப் பார்க்கிறேன் அந்தக் குரலுக்கு.

விசை கனமாக இருக்கும் என்றார் தாராப்பூர்வாலா.
வேண்டுமென்றே அப்படி.
முழுக்க இழுப்பதற்குள் மனசு மாற இடம் வேண்டுமே.
எவ்வளவு இடம்?
அரை அங்குலம்.

ரிவால்வரையே எடுத்தேன்.
தையல்காரரிடம் வலப்பக்கம் ஆழமாக,
இரட்டைத் துணி வைத்து, ஒரு பை கேட்டேன்.
ஃபோனுக்கா?
ஆமாம்.
ரொம்பக் கனமான ஃபோனோ, என்று
ஊசியைப் பல்லில் கடித்தபடி சிரித்தார்.

இன்று முதல் நாள்.
நடை ஒருபக்கம் சாய்கிறது.
இடுப்பு வலியா அக்கா, என்றான் வேடியப்பன்,
மூடாத அந்த விரல்களால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு.
ஆமாண்டா என்றேன்.

மணி பத்தரை இருக்கும்.
ஒரு ஆட்டோக்காரன் ஜன்னலில் குனிந்து,
அக்கா, சில்லறை இருந்தா குடுங்க, என்றான்.

கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது.
அதில் சில்லறை இல்லை.